டக்ளஸ் பேடரைப் பற்றிப் பேசும்போது ராஸ் விஷயத்தைச் சொல்லலாமா?

ஒற்றைச்செருப்பு:

எல்லாருக்கும் வணக்கம். போர் வரலாறு படிக்கிறவங்க இங்க நிறையப் பேர் இருக்கீங்க, அதான் இங்கயே கேட்கறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

எனக்கு இடது கால் முட்டிக்குக் கீழ இல்லை. மூணு வருஷம் ஆச்சு. எப்படிப் போச்சுங்கிற கதை இப்ப வேண்டாம். ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ சொந்தக்காரப் பெரியவர் ஒருத்தர் வந்து, கட்டில் பக்கத்துல உட்கார்ந்து, டக்ளஸ் பேடர்ங்கிற இங்கிலாந்து விமானப்படை விமானியோட கதையை அரைமணி நேரம் சொன்னார். ரெண்டு காலும் இல்லாதவன் போர் விமானம் ஓட்டினான்டா, உனக்கு ஒண்ணுதானே போச்சு, எழுந்திருன்னார். அன்னைக்கு எனக்கு வந்த கோபத்துல அவரைப் பிடிச்சுத் தள்ளியிருப்பேன், எழுந்து நிக்க முடிஞ்சிருந்தா.

ஆனா பேர் மனசுல தங்கிடுச்சு. வீட்டுக்கு வந்தப்புறம் தேடித் தேடிப் படிச்சேன். 1931 டிசம்பர் 14, இங்கிலாந்துல ரெடிங் பக்கத்துல உட்லி விமானத் திடல். வயசு 21. தரைக்கு ரொம்பப் பக்கத்துல பிரிஸ்டல் புல்டாக் விமானத்தைப் பறக்கும்போதே பக்கவாட்டுல உருட்டிக் காட்டப் போய் இறக்கை மண்ணுல பட்டுடுச்சு. வலது கால் முட்டிக்கு மேல எடுத்தாங்க, இடது கால் முட்டிக்குக் கீழ. அதாவது என் கால் போன இடம் எதுவோ, அதுதான் அவருக்கு ‘நல்ல’ கால். இதைப் படிச்சப்போ முதல் தடவையா சிரிச்சேன். அந்த விபத்தைப் பத்தித் தன் பறத்தல் பதிவேட்டுல அவர் எழுதினது ஒரே வரி. தரைக்குப் பக்கத்துல உருண்டு விழுந்தேன், மோசமான ஆட்டம்னு. அவ்வளவுதான்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஓட்டிக் காட்டியும் விதியில இடமில்லைன்னு 1933-ல விமானப்படையில இருந்து வெளியே அனுப்பினாங்க. எண்ணெய்க் கம்பெனி வேலை. ரெண்டாம் உலகப் போர் வந்ததும் 1939-ல திரும்பக் கூப்பிட்டாங்க. 1941 ஆகஸ்ட் 9-ல பிரான்ஸ் மேல சுட்டு வீழ்த்தப்பட்டார். குதிக்கும்போது வலது செயற்கைக் கால் உள்ளே மாட்டிக்கிச்சு, தோல் வார் அறுந்ததாலதான் உயிரோட வந்தார். மூணே முக்கால் வருஷம் கைதி. போருக்கு அப்புறம் உலகம் முழுக்கச் சுத்தி, கால் கை எடுத்தவங்களைப் போய்ப் பார்த்துக்கிட்டே இருந்தார். 1956-ல ஒரு பட்டம், 1976-ல சர் பட்டம், ரெண்டும் ஊனமுற்றவங்களுக்குச் செஞ்ச சேவைக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மாசத்துக்கு ஒருதடவை, புதுசா கால் எடுத்தவங்க ஏழெட்டுப் பேர் கூடற இடத்துக்கு நான் போறேன். அடுத்த கூட்டத்துல நீ இருபது நிமிஷம் பேசுன்னுட்டாங்க. பேடரைத்தான் பேசறதுன்னு முடிவு பண்ணி ரெண்டு பக்கம் எழுதியும் வச்சாச்சு. போன வாரம் பார்த்து அலெக்ஸ் ராஸ்னு ஒருத்தரைப் பத்திப் படிச்சுத் தொலைச்சேன். ஜெர்மனியில கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையில பேடருக்கு ஊழியம் பார்த்த சாதாரண சிப்பாய். பேடரை முதுகுல தூக்கிக்கிட்டுப் படி இறங்கிக் குளிக்கக் கொண்டுபோனவர். அவருக்கு ஊருக்குப் போக விடுதலை கிடைச்சப்போ, இவன் என் வேலையாள், இங்கயேதான் இருப்பான்னு பேடர் தடுத்துட்டாராம்.

அதுல இருந்து பேனா நகர மாட்டேங்குது. கிட்டத்தட்ட நாலு வருஷம் கைதியா இருந்த மனுஷன் இன்னொரு கைதியை எப்படிப் பிடிச்சு வைப்பான்? இதைக் கூட்டத்துல சொல்லலாமா, விட்டுடலாமா? விட்டுட்டா பொய் சொன்ன மாதிரி இருக்கு. சொன்னா, நேத்துதான் கால் எடுத்துட்டு வந்து உட்கார்ந்திருக்கற பையனுக்கு அது எதுக்கு?

*

ஸ்பிட்ஃபயர் பிரியன்:

நண்பா, முதல்ல ஒரு சின்னத் திருத்தம். ‘சுட்டு வீழ்த்தப்பட்டார்’னு அடிச்சுச் சொல்லாதீங்க. ஜெர்மன் விமானம் ஒண்ணு தன் வால்மேல மோதிடுச்சுன்னுதான் பேடர் கடைசிவரை நம்பினார். இங்கிலாந்து விமானத்தோட குண்டே தவறிப் பட்டிருக்கலாம்னு இப்ப ஆராயறவங்களும் உண்டு. கூட்டத்துல என்னை மாதிரி ஒருத்தன் உட்கார்ந்திருந்தா கையைத் தூக்கிடுவான்.

ராஸ் விஷயத்தை விடுங்க. இருபது நிமிஷத்துக்கு அதைவிட நல்ல சரக்கு எவ்வளவோ இருக்கு. பிடிபட்டதும் பிரான்ஸ்ல அவரை வச்சிருந்த செயிண்ட் ஓமேர் ஆஸ்பத்திரியில இருந்து தப்பிச்சதை எழுதினீங்களா? ஜெர்மன் விமானப்படைக்காரங்க விழுந்த விமானத்துல இருந்து அந்தக் காலைத் தோண்டி எடுத்து, தட்டிச் சரிபண்ணிக் கொண்டுவந்து குடுத்தாங்க. அவங்க தளபதி காலண்ட் இவரை விருந்துக்குக் கூப்பிட்டு, தன்னோட மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானத்துல உட்காரவும் வச்சார். ஒரு சுத்து சுத்திட்டு வரட்டுமான்னு கேட்டாராம் இவர்! மாத்துக்கால் கொண்டுவர ஒரு விமானத்துக்கு வழிவிடறோம்னு ஜெர்மன்காரங்க சேதி அனுப்பினாங்க. உங்க தயவு வேண்டாம்னு இங்கிலாந்து, ஆகஸ்ட் 19 அன்னைக்குக் குண்டு போட வந்த கூட்டத்தோட ஒரு பிளென்ஹைம் விமானத்தை அனுப்பி, பாராசூட்ல பெட்டியை இறக்கிட்டுப் போயிட்டாங்க.

இவ்வளவு மரியாதை பண்ணினவங்களுக்கு இவர் என்ன செஞ்சார்? போர்வைகளை முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியா இறங்கிட்டார். கயிறு எட்டலை. அதே அறையில முந்தின நாள்தான் கை எடுத்து மயக்கத்துல கிடந்த நியூசிலாந்து விமானி ஒருத்தரோட கட்டில் விரிப்பையும் உருவி, அவர் கட்டிலையே ஜன்னல் ஓரமா நகர்த்தி நங்கூரமாக்கிக்கிட்டார். தகரக் கால் ரெண்டையும் வச்சுக்கிட்டு ராத்திரியில ஊர் தாண்டி நடந்தே போனார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு. 1942-ல மறுபடி தப்பிச்சப்போ ஜெர்மன்காரங்க ஒட்டின சுவரொட்டியில, ‘கைத்தடியோடு நன்றாக நடப்பார்’னு அடையாளம் போட்டிருந்தாங்க. இருபது வருஷம் கழிச்சு யாரோ அதோட பிரதியை அவருக்கு அனுப்பி வைக்க, விழுந்து விழுந்து சிரிச்சாராம். ஏன்னா வாழ்நாள்ல அவர் கைத்தடியைத் தொட்டதே இல்லை. இதைச் சொல்லுங்க, பசங்க கைதட்டுவாங்க. அதுக்கப்புறம்தான் தப்பிக்கவே முடியாதுன்னு பேர் வாங்கின கோல்டிட்ஸுக்கு அனுப்பினாங்க. 1945 ஏப்ரல்ல அமெரிக்கப் படை வந்து திறந்துவிட்ட வரைக்கும் அங்கதான்.

*

ரன்வே தாத்தா:

ஒற்றைச்செருப்புத் தம்பிக்கு, ஆசீர்வாதம். நான் விமானப்படையில் 20 வருடம் தரைப் பணியாளனாக இருந்து வெளியே வந்தவன். விமானிகளை இருக்கையில் உட்கார வைத்து, தோள் வாரை இறுக்கி, பாதுகாப்பு ஊசியைப் பிடுங்கிக் கையில் காட்டிவிட்டு ஏணியில் இறங்குகிற ஆள். அதனால் ஸ்பிட்ஃபயர் பிரியன் தம்பி மேலே இருந்து பார்க்கிற கதையை நான் ஏணிக்குக் கீழே இருந்துதான் பார்ப்பேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ராஸ் அங்கே ஏன் இருந்தார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1929-ம் வருடத்து ஜெனீவா ஒப்பந்தப்படி, சிறைபட்ட அதிகாரியிடம் வேலை வாங்கக் கூடாது. சிப்பாயிடம் வாங்கலாம். அதோடு, அதிகாரிகளின் முகாமில் எடுபிடி வேலைக்கு அதே படையைச் சேர்ந்த சிப்பாய்களை வைத்துக்கொள்ளவும் அந்த ஒப்பந்தமே இடம் கொடுத்தது. கோல்டிட்ஸ் அதிகாரிகள் முகாம். ஆக, கோட்டைக்குள் இரண்டு ஜாதிக் கைதிகள். ஒரு ஜாதி தப்பிக்கத் திட்டம் போட்டது. இன்னொரு ஜாதி உருளைக்கிழங்கு வேகவைத்தது. சினிமாவில் முதல் ஜாதிதான் வரும்.

ராஸ் ஸ்காட்லாந்துப் படைப் பிரிவுக்காரர். காயம்பட்டவர்களைக் கவனிக்கிற பணி. 1940 ஜூனில் பிரான்ஸின் செயிண்ட் வாலரியில் அந்தப் பிரிவின் பெரும்பகுதி சரணடைந்தபோது பிடிபட்டவர். பேடர் காவலர்களைச் சீண்டிக்கொண்டு, அதிகாரிகளோடு சேர்ந்து கூத்தடித்த நேரமெல்லாம் இவர் காலை உணவு எடுத்துக்கொண்டு வருவதும், குளிக்கத் தூக்கிக்கொண்டு போவதுமாக இருந்தார். மருத்துவப் பணியாளர் என்பதால் போர் முடியும் முன்பே ஊருக்கு அனுப்பும் பட்டியலில் அவர் பெயர் வந்தது. ஓடி வந்து பேடரிடம் சொன்னார். பேடர் முடியாது என்றார். நீங்கள் படித்தது சரிதான். அதற்குப் பிறகும் போர் முடிகிற வரை ராஸ் அங்கேயே கிடந்தார். ஒரு நன்றி வார்த்தைகூட வந்ததில்லை என்று வயதான பிறகு அவரே சொல்லியிருக்கிறார்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நல்ல அதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். இன்னொரு ரகத்தையும் பார்த்திருக்கிறேன். ஒருவர், பெயர் வேண்டாம், மழையில் நனைந்துகொண்டு நான் ஏணியைப் பிடித்திருந்தபோது மேலே உட்கார்ந்து பத்து நிமிடம் கையுறையைத் தேடினார். அது அவர் பைக்குள்ளேயே இருந்தது. இறங்கிப் போகும்போது என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் வானத்தில் அவரைப் போல ஓட்டியவர் அந்த ஸ்குவாட்ரனில் கிடையாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும் தம்பி.

செயிண்ட் ஓமேர் கதையிலும் ஒரு பாதியை விட்டுவிட்டீர்கள். அவரை ஒளித்துவைத்தது ஒரு விவசாயத் தம்பதி, ஹியேக் என்று பெயர். அவர்களிடமிருந்து கடிதம் கொண்டுவந்து கொடுத்தது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பிரெஞ்சுப் பெண். காட்டிக்கொடுக்கப்பட்டு ஜெர்மன்காரர்கள் வந்தபோது, இந்த வீட்டுக்காரர்களுக்கு நான் இங்கே இருப்பதே தெரியாது என்று பேடர் சாதித்தார். அது அவருக்குப் பெருமைதான். யார் நம்புவார்கள்? தம்பதியையும் அந்தப் பெண்ணையும் கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். போர்வைக் கயிற்றுக்குக் கைதட்டுகிறவர்கள் அந்த மூன்று பேருக்கும் சேர்த்துத் தட்டினால் சரி.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாத பேடர் ஒருவர் உண்டு. 1970-களின் ஆரம்பத்தில், விமானிகள் எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட்டலாம், நடுவில் எவ்வளவு ஓய்வு என்பதை ஆராய பிரிட்டிஷ் சிவில் விமானத் துறை ஒரு குழு போட்டது. தலைவர் பேடர். அந்த அறிக்கையிலிருந்துதான் அங்கே விமான ஊழியர்களின் பணிநேர விதிகள் பிறந்தன. களைத்துப்போன விமானியால் விமானம் விழும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை எழுத்தில் விதியாக்குவதற்குக் கம்பெனிகளோடு மல்லுக்கட்டுகிற ஆள் வேண்டும். பிடிவாதக்காரனுக்கு அந்த நாற்காலி பொருத்தம்.

சொல்வதா வேண்டாமா என்றால், என்னைக் கேட்டால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது என்பது எனக்குத் தெரிந்த வேலை இல்லை.

*

மூன்றாம்வார்டு:

மருத்துவமனைச் சமூகப்பணி என் தொழில். கால் எடுத்தவர்கள் இருக்கும் வார்டுகளில்தான் பாதி நாள். ரன்வே தாத்தா விட்ட இடத்திலிருந்து நான் பிடித்துக்கொள்கிறேன்.

தம்பி, உங்கள் பெரியவர் அன்றைக்குச் செய்ததை நாங்கள் வாரத்துக்கு ஒருதடவை பார்க்கிறோம். யாராவது ஒரு சொந்தக்காரர் ஒரு வீரனின் கதையோடு வருவார். அவர் போன பிறகு கட்டிலில் இருப்பவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். உங்களுக்கு வந்த கோபம் நல்ல கோபம்.

பேடரை நான் மதிக்கும் இடம் வேறு. சொந்த வேலைக்காக எந்த ஊருக்குப் போனாலும் அங்கே கால் கை இழந்தவர்கள் இருக்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு போய் நின்றார் பாருங்கள், அதுதான். கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும் போனார். எங்கள் தொழிலில் இதற்குத் தனியாகவே ஓர் இடம் உண்டு. கால் இல்லாதவரிடம் கால் இருக்கும் நான் ஒரு மணி நேரம் பேசுவதும், செயற்கைக் கால் போட்ட ஒருவர் அறைக்குள் நடந்து வந்து நாற்காலியை இழுத்து உட்காருவதும் ஒன்று இல்லை. அவர் வாயே திறக்க வேண்டாம். படுத்திருப்பவரின் கண் நேராக அவர் முட்டிக்குத்தான் போகும். எந்தக் கால் பொய், எப்படி மடங்குகிறது, செருப்பு நிற்கிறதா என்று.

அது பேடருக்கும் முன்னால் ஆரம்பித்த கதை. 1913-ல் மார்செல் டிசூட்டர் என்ற விமானி விபத்தில் கால் இழந்தார். மரக்கால் கனம் தாங்கவில்லை. தம்பி சார்லஸ் விமானத்துக்குப் பயன்படும் டியூராலுமின் உலோகத்திலேயே பாதி எடையில் ஒரு கால் செய்து கொடுத்தார். அடுத்த வருடமே மார்செல் திரும்பப் பறந்தார். அந்தக் குடும்பத்துக் கம்பெனி செய்த கால்களில்தான் பேடர் பிற்பாடு நடந்தார். ஒரு விமானி இன்னொரு விமானிக்கு நடக்க வழி போட்டதுபோல.

இப்போது ராஸ். தம்பி, புதிதாகக் கால் எடுத்தவர் வெட்கத்தை விட்டு முதலில் கேட்கும் கேள்வி என்ன, உங்களுக்கே தெரிந்திருக்கும். ஓட முடியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. வண்டி ஓட்டலாமா என்பதுகூட இரண்டாவது வாரம்தான். முதல் கேள்வி, ராத்திரி காலைக் கழற்றிவைத்த பிறகு பாத்ரூமுக்கு எப்படிப் போவது என்பதுதான். அதையும் என்னிடம் நேராகக் கேட்க மாட்டார்கள். மனைவியை விட்டுக் கேட்பார்கள்.

பேடர் கதையைச் சொல்கிற யாரும் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. இரண்டு காலும் இல்லாத மனிதர் கோட்டைச் சிறையில் மூன்று குளிர்காலம் எப்படிக் குளித்தார்? பதில் உங்கள் கையில் இருக்கிறது. ராஸ் முதுகில் ஏறிப் போனார். கைத்தடியைத் தொடாதவர்தான். ஆனால் ஒரு ஆளைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தார். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவே இல்லை என்பதுதான் எனக்கு அவரோடு இருக்கும் சண்டை. மனதை உறுதியாக வைத்தால் யாராலும் முடியும் என்று அவர் சொல்லிச் சொல்லியே, முடியாமல் போனவர்கள் எல்லாம் மனவுறுதி இல்லாதவர்கள் என்று ஆகிவிட்டது. அவருக்கு லண்டன் ரோஹாம்ப்டனில் செயற்கைக் கால் செய்யும் நல்ல பட்டறை இருந்தது, வேலை இருந்தது, தெல்மா என்ற மனைவி இருந்தார், சிறையில் ராஸ் இருந்தார். இது எல்லாம் உறுதியில் சேராதா?

அதனால் ராஸை விட்டுவிடாதீர்கள். குற்றப்பத்திரிகையாகவும் வாசிக்காதீர்கள். குளியலிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒரு ஒப்பீடு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எவரெட் ஆல்வரெஸ் என்ற அமெரிக்கக் கடற்படை விமானி 1964 ஆகஸ்ட் 5-ல் வட வியட்நாமில் பிடிபட்டார். அங்கே சிறைபட்ட முதல் அமெரிக்க விமானி. வெளியே வந்தது 1973 பிப்ரவரியில். எட்டரை வருடம். உள்ளே இருந்தபோதே மனைவி விவாகரத்து வாங்கி வேறு கல்யாணம் செய்துகொண்டார். அந்தச் சிறையில் பேசத் தடை, அதனால் கைதிகள் சுவரைத் தட்டிப் பேசினார்கள். ஆங்கில எழுத்துகளை ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் அடுக்கி, எத்தனையாவது வரிசை, அதில் எத்தனையாவது எழுத்து என்று தட்டுவார்கள். கட்டத்தில் 25 எழுத்துதான் அடங்கும், கே என்ற எழுத்துக்கு இடமில்லாமல் சி-யையே வைத்துக்கொண்டார்கள். பக்கத்து அறையில் அடிபட்டு வந்து கிடப்பவன் தட்டுகிறானா என்று காதைச் சுவரில் வைத்துக் காத்திருப்பார்கள். விடுதலைக்குப் பிறகு அவர் சட்டம் படித்தார். 1980-களில் அமைதிப்படை என்ற தொண்டர் அமைப்பிலும், அடுத்து முன்னாள் படைவீரர் நலத்துறையிலும் இரண்டாம் நிலைத் தலைமைப் பொறுப்புகளில் இருந்தார். பேடரைப்போல வார்டுக்குள் நுழைந்து ஒருவரை எழுப்பி நிறுத்தும் வேலை அல்ல அது. படிவம், நிதி, ஓய்வூதியம், ஆஸ்பத்திரிக் கட்டில் எண்ணிக்கை. இதைப் பற்றி யாரும் சினிமா எடுப்பதில்லை. ஆனால் என் வார்டுக்கு வருகிறவர்களுக்குக் காலைவிட முதலில் தேவைப்படுவது சரியாக நிரப்பப்பட்ட படிவம்.

*

ஸ்பிட்ஃபயர் பிரியன்:

அக்கா, ஆல்வரெஸுக்கு ரெண்டு காலும் இருந்ததே! கணக்குல வராது.

சரி சரி, சண்டை வேண்டாம். ராஸ் முதுகுல ஏறிக் குளிக்கப் போனதை நானும் எங்கயோ படிச்சுட்டுத் தாண்டிப் போயிருக்கேன். விமான எண்ணிக்கை, தேதி இதெல்லாம் மனப்பாடமா இருக்கு, இது மட்டும் நிக்கலை. ஏன்னு யோசிக்கறேன்.

ஒண்ணு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் 1982-ல இறந்ததும் கூடப் பறந்தவங்களும் குடும்பமும் சேர்ந்து அவர் பேர்ல ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சாங்க. அது இன்னும் கால் கை இழந்தவங்களுக்கு வேலை செய்யுது. ரோஹாம்ப்டன் ஆஸ்பத்திரியில மறுவாழ்வு மையத்துக்கும் அவர் பேர்தான். முழுக்கக் கெட்டவர் பேரை யாரும் அங்க வைக்க மாட்டாங்க.

*

ரன்வே தாத்தா:

முழுக்கக் கெட்டவர் என்று இங்கே யார் சொன்னது தம்பி? கையுறை தேடினவரைப் பற்றிச் சொன்னேனே, அவர் விமானத்தை நான் ஒருநாளும் கவனக்குறைவாகத் தயார் செய்ததில்லை.

வார்டு அம்மாவுக்கு ஒரு வணக்கம். குளியலிலிருந்து ஆரம்பிப்பது எனக்குத் தோன்றவே தோன்றியிருக்காது.

*

ஒற்றைச்செருப்பு:

கூட்டம் நேத்து முடிஞ்சுது. வந்து சொல்றேன்னு யாருக்கும் வாக்கு குடுக்கலை, ஆனாலும் சொல்லணும் போல இருந்தது.

எழுதின ரெண்டு பக்கத்தையும் எடுத்துட்டே போகலை. ஒன்பது பேர் வந்திருந்தாங்க. ஒரு லாரி டிரைவர் அண்ணன், சர்க்கரை நோயில பாதம் எடுத்த ரெண்டு பெரியவங்க, ஒரு டீச்சர் அம்மா, மத்தவங்க. கடைசி வரிசையில பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தன், வலது கால் முட்டிக்கு மேல. அவன் அப்பா பக்கத்துல உட்கார்ந்திருந்தார். பையன் குனிஞ்ச தலை நிமிரலை.

பேச ஆரம்பிச்சதும் பேன்ட்டைத் தூக்கி காலைக் கழற்றிக் கீழ வச்சுட்டேன். இதை யோசிச்சுப் பண்ணலை, வெயில்ல வந்ததுல சாக்கெட்டுக்குள்ள வியர்த்து அரிச்சுது. சாக்ஸை உருவிப் பிழிஞ்சேன். பெரியவர் ஒருத்தர் சிரிச்சுட்டார். அப்புறம், ரெண்டு காலும் இல்லாத ஒரு விமானி கோட்டைச் சிறையில எப்படிக் குளிச்சார் தெரியுமான்னு கேட்டேன். பையன் நிமிர்ந்தான்.

ராஸ் பேரைத்தான் முதல்ல சொன்னேன். அவர் முதுகுல இருந்தவர் பேரை அப்புறமாத்தான் சொன்னேன். விடுதலை வந்ததும், தடுத்ததும், எல்லாத்தையும் சொன்னேன். டீச்சர் அம்மா ‘அடப்பாவி’ன்னாங்க. அப்புறம் போர்வைக் கயிறு, சுவரொட்டி, கைத்தடி. கைதட்டல் வந்தது, ஸ்பிட்ஃபயர் அண்ணே, நீங்க சொன்ன இடத்துலயே வந்தது. ஹியேக் தம்பதியையும் சொன்னேன் தாத்தா. அப்புறம் அவர் ஊர் ஊராப் போய் ஆளுங்களைப் பார்த்ததைச் சொன்னேன். எப்படி முடிக்கறதுன்னு தெரியலை. தண்ணி குடிச்சேன்.

லாரி டிரைவர் அண்ணன் கேட்டார், அந்த ஆளு ஊருக்கு வந்தப்புறம் அவரை யார் தூக்கினாங்கன்னு. அவர் சம்சாரம் கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்தாங்க. சிரிக்கலை அவங்க.

எல்லாரும் கிளம்பினப்புறம் பையனோட அப்பா வண்டி எடுக்கப் போனார். பையன் என் பக்கத்துல வந்து, ஊன்றுகோலை மடியில சாய்ச்சுக்கிட்டு, குரலைத் தாழ்த்தி, அண்ணா நீங்க ராத்திரி என்ன பண்றீங்கன்னான். மூன்றாம்வார்டு அக்கா, உங்க கேள்வியேதான்.

கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் என் வீட்டுல பதினோரு அடி. முதல் மூணு மாசம் உட்கார்ந்து நகர்ந்துதான் போனேன், அம்மா விளக்கைப் போட்டுட்டுத் தன் அறையில முழிச்சுக்கிட்டே இருப்பாங்க. இப்ப சுவர் ஓரமா ஒரு கம்பி போட்டிருக்கு, பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல தத்திப் போயிடுவேன். தரை ஈரமா இருந்தா மட்டும் அம்மாவைக் கூப்பிடுவேன். இதையெல்லாம் அப்படியே சொன்னேன்.

கம்பி எவ்வளவு உயரம்னு கேட்டான். எழுந்து நின்னு இடுப்புகிட்ட கையை வச்சுக் காட்டினேன். அவன் உயரத்துக்கு ரெண்டு விரல் கூடுதலா வைக்கணும்.